அழுகப் போட்ட கானாங்கத்தை

என் புருஷன் ஏசுராஜ் நடுக்கடலில் மீன்பிடி போட்டு கவிழ்ந்து ஐந்து மணி நேரம் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர். கரைக்கு வந்து முதல் வேலையாக டீ கேட்டவர். அப்பேர்ப்பட்ட மனுஷனை வாட்ஸப்பில் வந்த ஒரு குரல் படுக்க வைத்துவிட்டது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். கூடவே இருந்து பட்டவள் நான்.

ஊரடங்கு போட்டு ஐம்பது நாள் ஆகியிருந்தது. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் வெளியே வர வேண்டிய ஒரு பால்கனி. அதற்குள் நான், அவர், காலேஜ் படிக்கிற எங்கள் பெண் பொன்மணி. நான் இருபது வருஷமாக ரோட்டோரம் பலகை போட்டு மீன் விற்கிறவள். விடிவதற்குள் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. அவர் வீட்டுக்கு வரும் நேரம் நான் இருக்கமாட்டேன், நான் வரும் நேரம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். எங்கள் கல்யாணம் இருபத்திரண்டு வருஷம் சண்டையில்லாமல் ஓடியதற்கு அது ஒன்றுதான் காரணம் என்பது ஊரடங்கு போட்ட மூன்றாவது நாளே எனக்கு விளங்கிவிட்டது.

அரிசி களைந்தால் பின்னால் வந்து நிற்பார். "இத்தினி தண்ணி ஊத்தி களைவியா நீ?" துணி காயப்போட்டால், "கிளிப்ப அந்தாண்ட போடு." கடலில் வலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த கண்ணுக்கு இப்போது என்னைத் தவிர பார்க்க வேறு ஒன்றும் இல்லை. எத்தனை நாள் பொறுப்பேன்? ஒரு நாள் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு மூன்று பேரும் பிஸ்கட் சாப்பிட்டோம்.

அந்தப் புதன்கிழமை ஊர் நிர்வாகத்திலிருந்து சேதி வந்தது. சனிக்கிழமையிலிருந்து தினம் பத்து ஃபைபர் போட்டு மட்டும் கடலுக்குப் போகலாம், போலீஸ் ஒத்துக்கொண்டுவிட்டது என்றார்கள். சண்டை வராமல் இருக்கச் சீட்டு குலுக்கிப் போட்டார்கள். பக்கத்து பிளாக் டில்லிபாபுவின் போட்டுக்குச் செவ்வாய்க்கிழமை விழுந்தது. அந்தப் போட்டில் போகிற நாலு பேரில் இவர் ஒருத்தர். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை வர பதினெட்டு நாள் ஆகும். இவர் போனால்தான் எங்களுக்குப் பங்கு மீன். மீன் வந்தால்தான் நான் பலகை போட முடியும். ஐம்பது நாளாக ரேஷன் அரிசியும் பருப்பும் தின்று நாக்கு செத்துக் கிடந்தது. கருவாட்டு டப்பாவைக்கூட மூன்றாவது வாரமே கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொண்டு நான் பலகையை எடுத்துத் தேய்த்தே வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தக் குரல் வந்தது. யாரோ டாக்டராம், பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. "நீங்கள் தினமும் பழகிய ஒரு வாசனை, திடீரென்று ஒருநாள் தெரியாமல் போனால் உஷாராகுங்கள். அதுதான் கொரோனாவின் முதல் அறிகுறி." எங்கள் பிளாக்கில் இருக்கிற பதினாறு வீட்டு போனிலும் ஒரே நேரத்தில் அது பேசியது. படிக்கட்டில் நின்றால் ஸ்டீரியோ மாதிரி கேட்டது.

மறுநாள் காலையில் இவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். மூக்கை இழுத்தார். சுவரண்டை போய் இழுத்தார். பால்கனிக் கதவைத் திறந்து கடல் பக்கம் முகத்தை நீட்டி இழுத்தார். பிறகு என்னிடம் திரும்பி, சாவுச் சேதி சொல்கிற குரலில் சொன்னார்.

"வசந்தி, எனக்கு மீன் வாசனை வரல."

"வூட்ல மீனே இல்ல, வாசனை எங்கேந்துய்யா வரும்?" என்றேன்.

"நான் பொறந்ததுலேந்து இந்த வாசனை கீது. புயல் அடிச்சு பத்து நாள் போட்டு போவாங்காட்டியும் வாசனை மட்டும் இருக்கும். சுவத்துல இருக்கும், உன் பொடவைல இருக்கும், என் கைல இருக்கும். இப்ப எங்கயும் இல்ல. அந்த டாக்டர் இன்னா சொன்னாரு? தினமும் பழகின வாசனைன்னாரு. எனக்குப் பழக்கம் வேற இன்னா வாசனை?"

ஐம்பது நாளாக கார்ப்பரேஷன்காரர்கள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கொட்டி, படிக்கட்டிலும் சுவரிலும் ஏலம் போடுகிற மணலிலும்கூட மீன் வாசனை சுத்தமாகப் போயிருந்தது. நானும் சும்மா இல்லாமல் எல்லாப் புடவையையும் ரெண்டு முறை துவைத்துவிட்டேன். இதைத்தான் அவரிடம் சொன்னேன். காதில் போட்டுக்கொண்டால்தானே? தலையணையை எடுத்துக்கொண்டு போய் பால்கனியில் படுத்துக்கொண்டார். தட்டைக் கதவிடுக்கில் தள்ளச் சொன்னார். ஒரு வேளை சாப்பாட்டுக்கு நான் மூன்று முறை குனிய வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு தொல்லை அன்புச்செல்வி. காய்ச்சல் கணக்கெடுக்க கார்ப்பரேஷன் அனுப்புகிற பெண். இருபத்தி ரெண்டு, மூன்று வயசிருக்கும். தினம் காலையில் எண்பது வீடு ஏறி இறங்குவாள். "அக்கா, காய்ச்சல் கீதா? இருமல் கீதா? வாசனை, ருசி எல்லாம் தெரியுதா?" என்று கேட்டு நோட்டில் டிக் போடுவாள். நல்ல பெண்தான். வீட்டில் அப்பாவுக்கு வீசிங், தனக்கு இந்த வேலைதான் என்று ஒரு நாள் எங்கள் படியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் நோட்டில் ஒரு 'இல்லை' விழுந்தால் போதும், டெஸ்ட் எடுப்பார்கள், முடிவு வருகிறவரை யாரும் வெளியே போகாதபடி பிளாக் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். அப்புறம் எங்கே செவ்வாய்க்கிழமை?

அன்றைக்கு அவள் வந்தபோது பால்கனியிலிருந்து இவர் குரல் கொடுத்தார். "வாசனை..."

"வருதாம், நல்லா வருதாம்" என்று நான் கத்தினேன். "தூக்கத்துல பேசறாரு, நீ போம்மா."

அவள் போனதும் பால்கனிக் கதவை எட்டி உதைத்தேன். "உனக்கு இன்னாயா கேடு? தகரம் அடிச்சா யாரு கஞ்சி ஊத்துவா?"

"நோயை மறைச்சு நாலு பேரோட போட்டுல ஏறச் சொல்றியா?" என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "ஒரே கேன் தண்ணிய நாலு பேரும் குடிக்கறோம். டில்லிக்கு சின்னக் கொழந்த கீது. நான் போமாட்டேன்."

அது நியாயமான பேச்சு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். முட்டாள்தனமாக ஒன்றை நம்பிவிட்டு அதற்கு மேல் நியாயமாக நடக்கிற ஆளை என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை முழுக்க பொன்மணி பரீட்சை வைத்தாள். காபித்தூளைக் கொண்டுபோய்க் கதவிடுக்கில் நீட்டினாள்.

"இன்னா வாசனை நைனா?"

"காபி."

"தெரியுதுல்ல? அப்ப ஒண்ணுமில்ல உனக்கு."

"நீ டப்பா தொறக்கற சத்தம் கேட்டுச்சு. அதான் சொன்னேன்."

கொத்தமல்லியை நீட்டினாள். அது பச்சையாக இருக்கிறது, கண் பார்த்துவிட்டது என்றார். கண்ணைக் கட்டிவிட்டு ஊதுவத்தி காட்டினாள். புகை தொண்டையில் ஏறியதால் கண்டுபிடித்தேன் என்றார். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைக்கவில்லையா என்று நான் கேட்டேன். "அது வாசனை இல்ல, எரிச்சல்" என்றார். இதற்கு நடுவில் தினம் ஆறு முறை தைலம் போட்டு ஆவி வேறு. கடைசியில் எதை நீட்டினாலும் தைலம் என்றார். பொன்மணி காபித்தூளை அப்படியே வைத்துவிட்டு வந்து, "யம்மா, டிவோர்ஸ் பண்ணிடு" என்றாள்.

"மீனுதான் எனக்கு வாசனை" என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "ஒரு மீனு கொண்டா. அது நாறுச்சுன்னா நான் செவ்வாய்க்கிழமை போறேன். மத்ததெல்லாம் கணக்குல வராது."

மீன் வேண்டுமென்றால் இவர் கடலுக்குப் போக வேண்டும். இவர் கடலுக்குப் போக மீன் வேண்டும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

சனிக்கிழமை முதல் பத்துப் போட்டுகள் போய் வந்தன. கரையில் கூட்டமான கூட்டம். இறக்குகிற ஒவ்வொரு கூடைக்கும் முன்னாடியே ஆள் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பத்தில் எனக்குப் பழக்கமான போட்டு பொன்ராஜ் அண்ணனுடையதுதான். முண்டியடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"இன்னா வசந்தி, எத்தினி கூடை?" என்றார்.

"ஒண்ணு ணா."

"ஒரு கூடைகூட இல்லம்மா, எல்லாம் சொன்ன மீனு."

"கூடை இல்ல ணா. ஒரு மீனு."

சுற்றி நின்ற பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருஷம் அவர்களோடு தோளோடு தோள் இடித்து ஏலம் எடுத்தவள். ஒரு மீனுக்குக் கை நீட்டி நிற்கிறேன். எனக்கு மானம் போனது போனதுதான். பொன்ராஜ் அண்ணன் ஒரு கானாங்கத்தையை எடுத்து என் பையில் போட்டு, "காசும் வேணாம் ஒண்ணும் வேணாம், கெளம்பு" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஒரு கான்ஸ்டபிள் லத்தியால் பையைத் தட்டினார். சின்ன வயசுக்காரர்.

"இன்னாம்மா உள்ள?"

"மீனு சார்."

திறந்து பார்த்தார். "வீட்ல எத்தனை பேரு?"

"மூணு பேரு."

"மூணு பேருக்கு ஒத்த மீனா?"

"துன்றதுக்கு இல்ல சார். வூட்டுக்காரரு மோந்து பாக்கறதுக்கு."

அவர் ரெண்டு அடி பின்னால் நகர்ந்து, மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, போம்மா போ என்று கையைக் காட்டினார். நான் ஓடாத குறையாக வந்து சேர்ந்தேன்.

பால்கனிக் கதவைத் திறந்து மீனை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். கண்ணைத் திறந்தபோது அதில் தண்ணீர் நின்றது.

"ஒண்ணும் வரல வசந்தி."

நான் மோந்து பார்த்தேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை. செவுளைத் திருப்பிப் பார்த்தேன், குங்குமச் சிவப்பு. கண்ணு பளபள. விரலால் அழுத்தினால் கல்லு. விடிகாலையில் பிடித்த மீன். அது எப்படி நாறும்? இருபது வருஷமாக மயிலாப்பூர் மாமாக்களிடமும் கோபாலபுரம் டிரைவர்களிடமும் நான் தொண்டை கிழியக் கத்தி விற்றது என்ன? 'மோந்து பாரு சார், நாத்தமே வராது. வந்தா துட்டு வாபஸ்.' பழக்க தோஷம், அந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. அப்புறம்தான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"யோவ், இது புது மீனுய்யா. புது மீனு நாறாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நீ என்னைத் தேத்தறதுக்கு சொல்ற."

"நான் எப்பய்யா உன்னைத் தேத்தியிருக்கேன்?"

அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொன்மணிதான் சொன்னாள். "நாறலன்னா நாற வெச்சிடலாம்மா. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் கீது. வெய்யில் கீது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐஸ் தீர்ந்துபோனால் நான் குடிக்க வைத்த தண்ணீரை மீன் மேல் ஊற்றுகிறவள். ஈ உட்கார்ந்தால் அதை என் மேல் உட்கார்ந்த மாதிரி விரட்டுகிறவள். நான் போய் ஒரு முதல் தரமான கானாங்கத்தையை, அதுவும் ஐம்பது நாள் மீன் பார்க்காத வீட்டில், வேண்டுமென்றே அழுக விடுவதா? அதைக் குழம்பு வைத்தால் மூன்று பேருக்கும் ஆளுக்கு ரெண்டு வாய் வரும். கால் மணி நேரம் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அப்புறம் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு, பால்கனிக் கம்பியோரம் வெய்யிலில் வைத்தேன். இவரை உள்ளே மூலையில் தனியாகப் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். 

காவலுக்குப் பொன்மணி. குடையும் கையுமாக அங்கேயே உட்கார்ந்து ஆன்லைன் கிளாஸ் கவனித்தாள். சனிக்கிழமையும் கிளாஸ் வைக்கிற காலேஜ் அது.

"அங்க யாரு, ச்சூ ச்சூன்னு சத்தம் போடறது?" என்றது போனுக்குள்ளிருந்து ஒரு மேடம் குரல்.

"காக்கா மேம்."

"விரட்டிட்டு வந்து கிளாஸ கவனி."

"விரட்டிட்டே இருக்கணும் மேம், மீன் அழுகற வரைக்கும்."



ஞாயிற்றுக்கிழமை உச்சி வெய்யிலில் அது வேலையைக் காட்டியது. சோறு வடித்துக்கொண்டிருந்த எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அறையில் படுத்திருந்த இவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். மூக்கு விடைத்தது. நாலு கால் பாய்ச்சலில் பால்கனிக்குப் போய் டப்புக்கு மேலேயே கவிழ்ந்தார்.

"நாறுதுடி" என்றார். "வசந்தி, நாறுது. அய்யோ, குடலைப் புடுங்குது. பொன்மணி, இங்க வாயேன், எப்பிடி நாறுது பாரு."

பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட அந்த முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. சிலுவை போட்டுக்கொண்டார். நானும் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். நாற்றத்தினால் பாதி, நிம்மதியால் பாதி.

அப்போது கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு நஸ்ருன்னிசா. அவள் புருஷனும் கடல் வேலைதான், போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றி இறக்குகிறவர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"வசந்திக்கா, உங்க வூட்ல மீனு அழுகுதா?"

"ஆமா, அழுகுது. அதுக்கு இன்னாங்கற?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கும் அவருக்கும் மூணு நாளா வாசனையே இல்லக்கா. அந்தப் பொண்ணு கேக்கும்போதெல்லாம் வருது வருதுன்னு பொய் சொல்லிக்கினு கீறோம். இப்பதான் மாடிப்படில ஏறி வரச்சொல்லோ மூக்குல அடிச்சிச்சு. அவர இட்டாரட்டா? ஒரே ஒரு வாட்டி மோந்துட்டுப் போவட்டும்."

அரை மணி நேரத்தில் படிக்கட்டு முழுக்க ஆள். பதினாறு வீட்டிலும் இதே கதைதானாம். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு, தைலம் போட்டு ஆவி பிடித்துக்கொண்டு, தகரத்துக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். பொன்மணி சாக்பீஸால் படிக்கு ஒரு வட்டம் போட்டாள். டப்பைப் படித்திருப்பத்தில் வைத்தோம். ஒவ்வொருத்தராக வந்து மாஸ்க்கை இறக்கி, குனிந்து, இழுத்து, "ஐய்யே" என்று முகத்தைச் சுளித்து, சிரித்துக்கொண்டே போனார்கள். ரெண்டாவது மாடிக் கிழவர் ஒருத்தர் சந்தேகம் தீராமல் மறுபடி வரிசையில் வந்து நின்றார். இருபது வருஷத்தில் நான் விற்ற எந்த மீனுக்கும் இத்தனை வரவேற்பு இருந்ததில்லை.

இவர் வீட்டுக்குள் வந்து வலைக்கத்தியைத் தீட்டினார். டில்லிபாபுவுக்குப் போன் போட்டு, "செவ்வாய்க்கிழமை நான் ரெடி மச்சி" என்றார். எங்கள் பிளாக்கில் இன்னும் ஐந்து பேருக்கு அந்த வாரத்தில் முறை இருந்தது. எல்லோரும் தயார்.

திங்கட்கிழமை காலையில் மோந்து பார்க்க இன்னும் ரெண்டு வீட்டுக்காரர்கள் பாக்கி. அதனால் டப் இன்னும் படித்திருப்பத்திலேயே இருந்தது. மூன்றாவது நாள் மீன், மூடிகூட இல்லை. நாங்கள் எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றோம். அப்போது அன்புச்செல்வி மேலே ஏறி வந்தாள். ஞாயிறு அவளுக்கு லீவு, அதனால் மீன் விஷயம் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வந்தாள். டப்புக்குப் பக்கத்துப் படியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பாடா" என்றாள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். டப் அவள் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நோட்டைத் திறந்தாள்.

"சொல்லுங்கக்கா. காய்ச்சல் கீதா? இருமல் கீதா? வாசனை தெரியுதா?"

 நஸ்ருன்னிசா என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ரெண்டு கையையும் ஆட்டி, வாயில் விரலை வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார். நாளைக்குப் போட்டு. இவளுக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்தால் தினம் அவள் வந்து நின்ற இந்த பிளாக்குக்குத்தான் முதல் தகரம். சும்மா இருந்தால் இவள் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவாள். நாளைக்குக் கடல், நாளை மறுநாள் என் பலகை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

 எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் கோபமாக வந்தது. இவர் மேல், அந்தக் குரல் மேல், இந்தப் பெண் மேல். எழுபத்தொன்பது வீட்டை விட்டுவிட்டு என் படியில்தான் வந்து உட்கார வேண்டுமா? இன்னும் எத்தனை வீடு ஏறுவாள்? சாயங்காலம் அந்த வீசிங்கார அப்பனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள்.

"அன்பு" என்றேன். "உன் காலாண்ட இன்னா கீது பாரு."

குனிந்து பார்த்தாள். "மீனு."

"எப்பிடி கீது?"

"அழுகியிருக்கு. புழு கூட நெளியுதே, ஏங்க்கா வெச்சிருக்கீங்க?"

"நாங்க எல்லாரும் ஏன் மூக்க மூடிக்கினு கீறோம், சொல்லு."

அவள் எங்கள் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்தாள். மறுபடி குனிந்து, மீனுக்கு ஒரு சாண் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் இழுத்தாள். நிமிர்ந்தபோது அவள் கையிலிருந்து பேனா விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை. மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களிடமிருந்து விலகி, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அப்பா கூடதான்க்கா ராத்திரி சாப்ட்டேன்" என்றாள்.

அவளே அவள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். மத்தியானம் அவளை வண்டியில் ஏற்றிப் போனார்கள். நாலு மணிக்குத் தகரம் வந்தது. அவள் டெஸ்ட் முடிவு புதன்கிழமை வந்தது, இருக்கிறது என்று. எங்கள் அத்தனை பேருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் இல்லை. ஆனாலும் பதினாலு நாள் யாரும் வெளியே போகக் கூடாது என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை டில்லிபாபு தன் மச்சானை ஏற்றிக்கொண்டு போனான். இவர் விடிந்ததிலிருந்து மொட்டை மாடியில் நின்று கடலைப் பார்த்துக் கையை ஆட்டி, "வடக்கால போடா, வடக்கால" என்று கத்தினார். முக்கால் மைல் தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்குமா? கூடவே முறை போன மற்ற ஐந்து பேரும் நின்று கத்தினார்கள். போட்டு தெற்காலேயே போனது. நல்ல மீனாம்.

அன்றையிலிருந்து பிளாக்கில் என்னோடு யாரும் பேசவில்லை. நஸ்ருன்னிசாகூட படியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள். தொட்டியில் தண்ணீர் பிடிக்கப் போனால் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். வரிசையில் முதல் ஆளாகப் பிடித்துக்கொண்டு வந்து நான் சமையல்கட்டில் நின்று அழுதேன். இவரும் பேசவில்லை. அரிசி களைந்தால்கூட ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை அப்படியே போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அன்புச்செல்வி போன் செய்தாள். கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, எனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. அப்பாவுக்கு இல்லக்கா. ரெண்டு வாட்டி எடுத்துட்டாங்க, இல்ல. இன்னும் ஒரு நாள் கூட இருந்திருந்தா அவருக்குக் கண்டிப்பா ஒட்டியிருக்கும், இந்த வீசிங்குக்குத் தாங்கியிருக்க மாட்டாருன்னு டாக்டர் சொன்னாரு." நான் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.  "ஒடம்பப் பாத்துக்கோ" என்று போனை வைத்தேன்.

இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா வயசிருக்கும்?"

"நம்ம பொன்மணிக்கு மூணு வயசு மூத்தது."

 தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ சொல்லாங்காட்டியும் நானே சொல்லியிருப்பேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். கதவுக்குப் பின்னால் நின்று ரெண்டு கையையும் ஆட்டியது யார்? வாயில் விரலை வைத்தது யார்? நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். காது ரெண்டும் சிவந்திருந்தது.

"ஆமாய்யா, சொல்லியிருப்ப" என்றேன். "எழுந்து வா, துன்னு."

வந்து உட்கார்ந்தார். பருப்புக் குழம்புதான். ரெண்டாம் முறை சோறு கேட்டார், வைத்தேன்.